மோட்டாருக்கு மூச்சுத் திணறல்

திண்டுக்கல் என்று சொன்னவுடனே நேயர்களுக்குப் பூட்டு நினைவுக்கு வரும். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமை வாய்ந்த பூட்டு அது. ஆனால் சமீபத்தில் அவ்வூருக்குப் போயிருந்தபோது நாம் கண்டது வேறு வகைப் பூட்டு. சாவியில்லாத பூட்டு, ஒரு மோட்டார் வண்டியின் தொண்டையில் விழுந்திருந்த பூட்டு. அதை வேறு யாரும் போடவில்லை. வண்டி தன் புகையைக் கொண்டே தனக்குப் போட்டுக் கொண்டது!

மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியும் ஒரு பட்டறையில் அந்தச் சிறு லாரி நின்றது. மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய்வரும் டீஸல் வண்டி. உரிமையாளரே ஓட்டுபவரும். "சமவெளியிலே எப்படியோ ஓடிவிடுகிறதுங்க. மலையேறினால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. வண்டி நிற்கலாம், மாதத் தவணை நிற்குமா?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. யந்திரத்துக்கு டீஸல் மட்டும் ஆகாரம் அன்று; காற்றும் ஆகாரமே. ஒரு லிட்டர் டீஸல் முற்றும் எரிவதற்குச் சுமார் 12 கிலோ காற்று வேண்டும். கன அளவில் அது ஏறக்குறைய 10,000 லிட்டர்! கொடைக்கானலோ 2,100 மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பது. அங்கே காற்றின் அழுத்தம் திண்டுக்கல்லைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வழியெல்லாம் காற்று இளைத்துக் கொண்டே போகும்போது, தொண்டையும் அடைத்திருந்தால் வண்டி என்ன செய்யும்?

மிஸ்திரி காற்றுக் குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தார் பூசியது போல் விரற்கடை கனத்துக்குக் கரி. கட்டை விரல் நுழைய வேண்டிய வழியில் சுண்டு விரல் நுழையவில்லை.

இந்தக் கரி எங்கிருந்து வந்தது? யந்திரத்துக்குள் வெப்பம் மிகுந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி, நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சு வாயுக்கள் உண்டாகின்றன. அவை நுரையீரலைக் கெடுப்பவை. வெயிலில் வேறு புகைகளுடன் சேர்ந்து ஓஸோனையும் உண்டாக்குபவை; திண்டுக்கல் சமவெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆகவே வெப்பத்தைத் தணிப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்பவும் உள்ளே அனுப்பும் ஏற்பாடு பல டீஸல் வண்டிகளில் உண்டு. பட்டறைகளில் 'ஈ.ஜி.ஆர். வால்வு' என்பது அதைத்தான். திரும்பி வரும் புகையில் கரித்தூள் இருக்கிறது. யந்திரத்தின் அடிவயிற்றிலிருந்து எழும் எண்ணெய் ஆவியும் அதே காற்று வழியில் வந்து சேருகிறது. தூளும் எண்ணெயும் கலந்தால் பசை. நாள்பட்டால் பசை பாறை.

கரியோடு மோட்டார் போராடுவது நம் சீமைக்குப் புதிதன்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் போகவே, பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அதற்கென்று 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' தயாரித்தார். வண்டியில் பொருத்திய இரும்புக் கொள்கலத்தில் கரியை அரைகுறைக் காற்றில் எரித்து, வரும் வாயுவைக் குளிர்வித்து வடிகட்டி யந்திரத்துக்குள் செலுத்துவார்கள். வடிகட்டியைச் சுத்தம் செய்ய மறந்தால் சாம்பலும் கரியும் யந்திரத்தின் தொண்டையில் போய் உட்காரும். அன்று சுத்தம் செய்வது அன்றாடக் கடமை. இன்றோ கரி கண்ணுக்குத் தெரியாமல் சேருவதால் கடமையும் மறந்து போகிறது.

மிஸ்திரி செய்த வேலையை நின்று பார்த்தோம். யந்திரம் நன்றாக ஆறிய பிறகு பாட்டரி இணைப்பை எடுத்தார். வால்வையும் காற்றுக் குழாய்த் தொகுதியையும் தனியே கழற்றினார். யந்திரத்தின் வாய்களில் சுத்தமான துணியை அடைத்தார். சுரண்டிய கரி உள்ளே விழுந்தால் நோயைவிட வைத்தியம் கொடியதாகிவிடும். குழாய்களைக் கரி கரைக்கும் திரவத்தில் ஊறப் போட்டு, மரக்கட்டையாலும் நைலான் தூரிகையாலும் தேய்த்தார். அலுமினியத்தில் இரும்புத் தூரிகை கீறல் போடும் என்றார். காற்றை அளக்கும் மெல்லிய மின் கருவியின் மேல் அந்தத் திரவம் படாமல் விலக்கி வைத்தார். முடிவில் நன்றாக உலர்த்தி, புதிய காஸ்கெட் வைத்துப் பூட்டினார்.

கழற்றாமலே, ஓடுகிற யந்திரத்தின் காற்று வழியில் மருந்து தெளிக்கும் முறையும் உண்டு. டீஸல் யந்திரத்தில் அளவு மீறினால் அம்மருந்தே எரிபொருளாகி, யந்திரம் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். பாறையாகிவிட்ட கரிக்கு அது போதவும் போதாது.

வேலை நடுவே உரிமையாளர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "அந்த வால்வையே தகடு வைத்து அடைத்துவிட்டால் கரி சேராதாமே? செலவும் கொஞ்சந்தானாம்."

மிஸ்திரி தலை நிமிராமலே பதில் சொன்னார்: "உங்கள் வண்டிக்குக் கரி சேராது, அண்ணே. ஊர்ப் பிள்ளைகளின் நெஞ்சிலே சேரும்."

அதுதான் விஷயம். வால்வை அடைப்பது சட்டத்துக்கு விரோதம். நாம் தப்பித்துக் கொண்டு அண்டை வீட்டாரை இருமவிடுவதும் ஆகும். காற்று வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவதும், தகுந்த எண்ணெயைத் தவணை தவறாமல் ஊற்றுவதும், வண்டியை நிறுத்தி வைத்து யந்திரத்தை வீணாக ஓடவிடாமல் இருப்பதுமே கரி சேருவதைக் குறைக்கும் வழிகள். அப்படியும் சேர்ந்தால் சுத்தம் செய்வதே முறை.

மாலையில் லாரி புறப்பட்டது. கறுப்பு மூச்சு விடாமல், மேற்கே தெரிந்த மலையை நோக்கி ஓடியது. திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவர்கள் மட்டுமல்ல, பூட்டைத் திறக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நாமும் புறப்பட்டோம்.