வரப்பில் நடக்கும் கால்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

எங்கள் பெரியப்பா கதிரடிக்கும் இயந்திரத்தில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தபோது நான் ஆறாம் வகுப்பு மாணவன். பின்னர் ஓரிடத்தில் அவருக்குச் செயற்கைக் கால் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு அழகான கால், ஷூவும் மாட்டியிருந்தது. ஆனால் அதனோடு அவரால் குந்தி உட்கார முடியவில்லை. ஷூவோடு வரப்பில் நடந்தால் வழுக்கியது. கழற்றினால் உடம்பு சாய்ந்தது. மூன்றே மாதத்தில் கால் பரணுக்குப் போயிற்று. பெரியப்பா கம்புக்கு வந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். சேர்ந்த அன்று அவர் சொன்னார்: "ஏண்டா தம்பி, சயின்ஸ் படிக்கப் போறியே, அந்தக் கால் ஏன் மடங்க மாட்டேங்குதுன்னு கேட்டுச் சொல்லுடா."

கேட்டுச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று.

அது 'ஸாக்' என்னும் வகை. 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. குதிகாலில் மெத்தை உண்டு; நடுவில் விரல்பக்கம் வரை ஓடும் விறைப்பான கட்டை; கணுக்காலில் மூட்டு கிடையாது. நாற்காலியில் அமர்ந்து, ஷூ அணிந்து, சமதளத்தில் நடப்பவருக்கு அது நல்ல கால்தான். நண்பர்களே, கணுக்காலை மடக்காமல் பாதத்தைத் தரையில் முழுதாக ஊன்றிக் குந்திப் பாருங்கள். பின்புறமாக விழுவீர்கள். புவியீர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு குதிகாலுக்கு அப்பால் போய்விடுகிறது. பெரியப்பாவும் இப்படித்தான் விழுந்தார்.

இந்தச் சிக்கலை 1968இல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் இருவர் அவிழ்த்தனர். ஒருவர் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி. மற்றவர் ராம் சந்திர சர்மா. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞர். நீண்ட கட்டையை நீக்கிவிட்டு, கணுக்கால் பகுதியில் மட்டும் மரத்தை வைத்தனர். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் எம்.சி.ஆர். செருப்பில் வருகிற அதே நுண்துளை ரப்பர். இவற்றைத் தோல்நிற ரப்பரால் போர்த்தி, அச்சிலிட்டு, டயரைப் போல வெப்பத்தில் வல்கனைஸ் செய்து ஒரே பாதமாக்கினர். ரப்பர் எப்பக்கமும் வளைகிறது. ஆகவே குந்தலாம், மேடுபள்ளத்தில் நடக்கலாம். ஷூ தேவையில்லை, தண்ணீரும் உள்ளே புகாது. மேற்பகுதியை முதலில் அலுமினியத் தகட்டிலும், பின்னர் பாசனக் குழாய் செய்யும் பிளாஸ்டிக்கிலும் செய்தார்கள்.

1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இக்கட்டுரைக்காகப் படிக்கும்வரை எனக்கும் தெரியாது. அதே 1981இல் திருச்சி அருகே விபத்தில் கால் இழந்த நடனமணி சுதா சந்திரன், இந்தக் காலோடு மீண்டும் மேடையேறினார். 1985இல் 'மயூரி' என்ற தெலுங்குப் படத்தில் தம் கதையில் தாமே நடித்தார். 1975 முதல் ஜெய்ப்பூரில் இயங்கும் பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இக்காலை இலவசமாகவே வழங்குகிறது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கையால் செய்வதால் ஒன்றுபோல் மற்றொன்று அமைவதில்லை. கனமும் சற்று அதிகம்.

சென்ற தை மாதம் ஒரு முகாமுக்குப் பெரியப்பாவை அழைத்துச் சென்றேன். ஊர் திரும்பிப் பேருந்தைவிட்டு இறங்கியவர், நேரே வாய்க்காலுக்குப் போய்க் குந்தி, இரண்டு காலையும் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்.