டிஸ்ட்ரோபி என்னும் சொல்

மஸ்குலர் டிஸ்ட்ரோபி என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “பாலில் குறை வைத்துவிட்டேனோ, வேளைக்குச் சோறூட்டத் தவறினேனோ” என்று தம்மையே நொந்துகொள்ளும் தாய்மார் உண்டு. அவர்களுக்குக் கிரேக்கம் தெரிய நியாயமில்லை. ஆயினும் அந்தச் சொல்லின் உட்பொருளும் அவர்களுடைய மனக்கிலேசமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. ‘டிஸ்’ என்றால் கேடு. ‘ட்ரோபி’ என்றால் போஷணை. ஊட்டம் கெட்டதனால் தசை வாடும் வியாதி என்பதே அப்பெயரின் நேர்ப்பொருள். அந்தப் பொருள் பிழையானது. தமிழில் நாம் வழங்கும் ‘தசைச் சிதைவு’ என்ற பெயரே உண்மைக்கு அருகில் நிற்கிறது.

மயோபதி என்று மற்றொரு சொல்லும் வைத்தியர் வாயில் வரும். அது பொதுப்பெயர்: தைராய்டுக் கோளாற்றால் வந்தாலும், உட்கொண்ட மருந்தால் வந்தாலும், பிறவியிலேயே வந்தாலும், தசையைப் பற்றிய நோய் எதுவும் மயோபதியே. டிஸ்ட்ரோபி அதில் ஒரு கிளை. பரம்பரைக் கூற்றில் நேர்ந்த பிழையால் தோன்றி, தசைகளை மேன்மேலும் அழித்துக்கொண்டே போவது. தசையைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்குச் சின்ன எலி என்று பொருள். தோலுக்கடியில் அது புரளுவதைக் கண்டு வைத்தார்கள் போலும். நம்மவர் காலின் பின்புறத்துச் சதையைக் கெண்டை என்கிறார்கள். மீனுக்கும் அதே பெயர்.

டிஸ்ட்ரோபி வகைகளுள் பிற்பாடு துஷேன் என்று பெயர்பெற்ற நோயின் ஆரம்ப அடையாளங்களுள் ஒன்று தென்படுவதும் அந்தக் கெண்டைக்காலில்தான். மூன்று நான்கு வயதுப் பையன், நடை பழகியதே சற்றுத் தாமதம், ஓடினால் விழுகிறான், ஆனால் கெண்டைச்சதை மட்டும் பயில்வானுடையதைப் போலத் திரண்டிருக்கிறது. அவனைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்லிப் பாருங்கள். குப்புறத் திரும்புகிறான், உள்ளங்கைகளை ஊன்றி இடுப்பை மேலே தூக்குகிறான், பிறகு ஒரு கையை முழங்காலில் வைக்கிறான், மற்றொன்றைத் தொடையில் வைக்கிறான், தன் காலையே ஏணியாக்கி, கைக்கு மேல் கையாகத் தன்மீதே ஏறி நிமிர்ந்து நிற்கிறான். 1879-இல் இதை விவரித்த வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கில வைத்தியரின் பெயரால் இதனைக் கவர்ஸ் குறி என்பார்கள்.

அவருக்கும் முன்பே, 1851-ஆம் ஆண்டின் இறுதியில், எட்வர்ட் மெரியன் என்பவர் லண்டன் வைத்திய சங்கமொன்றில் இந்நோயுற்ற சிறுவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அவர்களுள் இறந்த ஒருவனின் தண்டுவடம் பழுதின்றி இருந்ததையும், தசை நாரைப் போர்த்திருக்கும் மெல்லிய உறை உடைந்து அழிந்திருந்ததையும் அவர் உருப்பெருக்கியில் கண்டு சொன்னார். அந்த ஒரு குறிப்பில் இந்த நோயின் மர்மம் பாதி அடங்கியிருந்தது. பின்னர் பிரான்ஸ் தேசத்துத் துஷேன், உயிரோடிருக்கும் நோயாளியின் தசையிலிருந்தே துணுக்கெடுக்கும் ஊசி ஒன்றைத் தாமே அமைத்து, 1868-இல் பதின்மூன்று நோயாளிகளின் விவரத்தை விரிவாக வெளியிட்டார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. 1891-இல் ஜெர்மானியரான எர்ப் தமது நூலுக்கு டிஸ்ட்ரோபி என்ற சொல்லைத் தலைப்பாக வைத்தார். தசைக்குச் சேரவேண்டிய போஷணையில் ஏதோ கோளாறு என்று கருதப்பட்ட காலம் அது. உறை உடைந்ததை ஒருவர் கண்டு நாற்பது ஆண்டு கழிந்த பின்னும், பெயர் என்னவோ ஊட்டத்தைப் பற்றியதாகவே அமைந்தது.

1987-இல் பாஸ்டன் நகரில் லூயி கன்கெல் குழுவினர் இந்நோயில் இல்லாமற்போகும் புரதத்தைக் கண்டுபிடித்து, பழைய பெயரை ஒட்டியே டிஸ்ட்ரோபின் என்று அழைத்தார்கள். தசை நாருக்குள் சுருங்கி விரியும் இழைகளையும் வெளியுறையையும் பிணைத்துக் கட்டும் கயிறு அது. கயிறு இல்லாவிட்டால் ஒவ்வொரு சுருக்கத்திலும் உறை கிழிகிறது. வெளியிலிருந்து கால்சியம் புகுகிறது, உள்ளிருக்கும் பொருள்கள் இரத்தத்தில் கசிகின்றன, நார் மடிகிறது. சில வருஷங்கள் சரீரம் புதிய நார்களைப் படைத்து ஈடுகட்டுகிறது. அந்தச் சக்தி ஓய்ந்தபின் கொழுப்பும் தழும்புத் திசுவும் அவ்விடத்தை நிரப்புகின்றன. பயில்வானுடையதைப் போன்ற அந்தக் கெண்டைச்சதையின் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

டிஸ்ட்ரோபினை ஆக்கும் மரபணு மனிதனிடமுள்ள மரபணுக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 20 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள், அவற்றினூடே 79 பொருளுள்ள துண்டுகள். அந்தத் துண்டுகளின் எழுத்துகளை உயிரணு மும்மூன்றாகச் சேர்த்தே படிக்கிறது. ‘மரம் பழம் தரும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சொல்லிலும் மூன்றே எழுத்து. நடுச்சொல்லை முழுவதும் நீக்கினால் ‘மரம் தரும்’ என்று எஞ்சும், குறையுடையதாயினும் வாக்கியம். இரண்டாம் எழுத்து ஒன்றை மட்டும் நீக்கி மும்மூன்றாகப் படித்தால் ‘மம்ப ழம்த ரும்’ என்றாகும், அர்த்தமே இல்லை. எழுத்து குலைந்து டிஸ்ட்ரோபின் அறவே உண்டாகாதபோது பெரும்பாலும் துஷேன் நோயும், குறுகியதேனும் ஒரு கயிறு உண்டாகும்போது பெக்கர் நோய் என்னும் மென்மையான வகையும் வருகின்றன. குலைந்த வாக்கியத்தில் மேலும் ஒரு துண்டை மறைத்து வாசிப்பை நேராக்கும் மருந்துகளும் வந்திருக்கின்றன; அவை சிலருக்கே பொருந்தும், பயனும் அற்பமே. ஸ்டீராய்டு மருந்துகள் நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டித்துத் தருகின்றன.

அந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், ஒரே எக்ஸ் உடைய ஆண் குழந்தைகளையே இந்நோய் பெரிதும் பற்றுகிறது. சுமார் மூன்றில் ஒரு பங்கினரிடம் தாயிடம் இல்லாத பிழை புதிதாகவே நேர்ந்திருக்கும். எவ்வகையிலாயினும், அது குழந்தை முதல் வாய்ப் பால் பருகுவதற்கு முன்பே எழுதி முடிந்த பிழை. ஊட்டிய கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தொடையில் கையூன்றி எழும் பையனைக் கண்டால் அவன் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்னும் தசை நொதியின் அளவைப் பார்க்கும்படி வைத்தியரைக் கேளுங்கள். நோய் இருந்தால் அது வழக்கத்தைவிடப் பல பத்து மடங்கு ஏறியிருக்கும். கல்லீரல் சோதனையில் பார்க்கும் நொதிகளிலும் சில தசையிலிருந்தே கசிவதால், கல்லீரல் நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் அதற்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு.