பெரிய பம்பும் உவர்க் கிணறும்

கடைக்காரர் தராசைத் துடைத்து வைப்பார். லொறிக்காரர் நேரத்துக்கு ஒயில் மாற்றுவார். ஆனால் வியாபாரத்தோடு நாலு மாடும் ஒரு துண்டுப் புல் காணியும் வைத்திருக்கும் நம்மவர்களில் பலர், தண்ணீர்ப் பம்பைப் பழுதானால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அதுவும் முதல் போட்ட பொருள்தானே!

என் அனுபவத்தையே சொல்கிறேன். 1990இல் விட்டுவிட்டு வந்த மன்னார்த் தீவுக் காணிக்கு, 2009இல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பினேன். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, மாட்டுக்குக் கோ-3 புல் நட்டேன். ஒன்றரை அங்குலப் பம்பு மெதுவாக இறைக்கிறதென்று மூன்று அங்குலப் பம்பு வாங்கினேன். வேலை சீக்கிரம் முடிந்தது. ஜூலைக் கடைசியில் புல் நுனி கருகியது. தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், உவர். வாப்பா காலத்தில் குடித்த கிணறு அது. சில நாட்களில் அயலவர் கிணறும் உவர்த்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. மணல் தீவில் மழைநீர், நிலத்தடி உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உப்புநீர் பல மடங்கு ஏறும். பெரிய பம்பு ஒரே மூச்சில் உறிஞ்சினால் கிணற்றுக்கு நேர் கீழே அது எழும்பி வந்துவிடும்.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. சிறிய பம்பே போதும். காலையும் மாலையும் சிறிது நேரம் இறைத்து, கிணறு ஊற இடைவெளி விடுங்கள். குழாய் முனையைக் கிணற்றின் அடியில் வைக்காதீர்கள்.

2. உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தாலோ புட்வால்வ் ஒழுகினாலோ பம்பு வெறுமனே ஓடி சீல் கருகும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

3. ஒக்டோபரில் மழை தொடங்கியதும் எண்ணெயை வடித்து, நல்ல தண்ணீரால் கழுவி, உப்புக்காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். காபரேட்டரில் தங்கும் எண்ணெய் பிசினாகிவிடும்.

4. மழை ஈரத்தில் வளர்ந்த புல்லைப் பெப்ரவரி வெயிலில் காயவைத்துப் போர் போடுங்கள். கோடையில் அந்த அளவுக்கு இறைக்கத் தேவையில்லை.

5. ஒரு கொப்பி போடுங்கள். ஓடிய மணித்தியாலம், எண்ணெய் லீற்றர், திருத்தச் செலவு, வெட்டிய புல்லுக் கட்டு ஆகியவற்றை எழுதுங்கள்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ஒரு கட்டுப் புல்லுக்கு எவ்வளவு எண்ணெய் என்பது என் கொப்பியில் இருந்தது. கால்வாசிக் காணியை மட்டும் நனைத்து, கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல் வைக்கோலை வாங்குவதே இலாபம் என்று அன்றே தீர்மானித்தேன். மாடுகளை விற்க வேண்டி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

என் கிணறு மீண்டும் இனிக்க இரண்டு மாரி சென்றது. புல் நட்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டேன். அயலவர் கிணற்றை எந்தப் பக்கத்தில் எழுதுவது? ஓடும் ஆற்றில் வுழூ செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று சொல்லும் மார்க்கம் நம்முடையது. பம்பு வாங்கப்போகும் சகோதரர்கள் அதன் விலையை விசாரிக்கும் முன் தங்கள் கிணற்றை விசாரிக்கட்டும்.