பிளவுப் பனிப்பலகையைத் தேர்ந்தெடுத்தல்

பிளவுப் பனிப்பலகை என்பது நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, மீண்டும் ஒன்றாகப் பூட்டக்கூடிய பனிச்சறுக்குப் பலகை ஆகும். இது ஸ்பிளிட்போர்டு என்றும் அழைக்கப்படுகிறது. மலை ஏறும்போது இரு பாதிகளும் இரண்டு ஸ்கீ கட்டைகளாகக் கால்களில் அணியப்படுகின்றன. உச்சியை அடைந்ததும் அவற்றை இணைத்து, ஒரே பலகையில் நின்று சறுக்கி இறங்கலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1990-களின் தொடக்கத்தில் இவ்வகைப் பலகை உருவாகி, பின்னர் விற்பனைக்கு வந்தது.

பயன்படும் இடம்

நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. காஷ்மீரின் குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் ஏறக்குறைய ஒன்றே என்றாலும், ஊட்டியில் பனிப்பொழிவு இல்லை. அங்கு டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் புல்வெளிகளை வெண்மையாக்குவது உறைபனி. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த புல்லின் மேல் உறைவதால் அது உண்டாகிறது; வெயில் ஏறியதும் கரைந்துவிடும். ஊட்டி 11 பாகை வட அகலாங்கிலும் குல்மார்க் 34 பாகையிலும் இருப்பதே வேறுபாட்டின் முதன்மைக் காரணம். எனவே தமிழ்நாட்டு ஆர்வலர்கள் இப்பலகையைப் பயன்படுத்த இமயமலைக்கே செல்ல வேண்டும்.

குல்மார்க்கின் கம்பிவட ஊர்தி, அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் வரை செல்கிறது. ஊர்தியில் ஏறிச் சறுக்கி இறங்குவது மட்டுமே நோக்கமானால் சாதாரணப் பனிப்பலகை போதும். ஊர்தி எட்டாத சரிவுகளுக்குத் தம் காலால் ஏறிச் செல்வோருக்கே பிளவுப் பலகை தேவை.

கவனிக்க வேண்டியவை

பயண நாளின் பெரும்பகுதி ஏறுவதிலேயே கழியும். ஆகவே இறங்கும் இன்பத்தை மட்டும் எண்ணிப் பலகையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

நீளம்: இது உயரத்தைவிட எடையைப் பொறுத்தது. உடல் எடையுடன் முதுகுப்பையின் எடையையும் கூட்ட வேண்டும். 65 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ பை சுமந்தால், தயாரிப்பாளரின் அட்டவணையில் 75 கிலோவுக்கு உரிய நீளத்தைப் பார்க்க வேண்டும். ஆழமான புதுப்பனியில் நீண்ட பலகை நன்கு மிதக்கும். ஏற்றத்தில் திரும்பும்போது குட்டையான பலகை எளிது.

அகலம்: பலகை குறுகலாக இருந்தால் காலணியின் நுனி பனியில் உரசி, சறுக்குபவரைக் கீழே தள்ளும். மிக அகலமாக இருந்தால், இறுகிய பனியில் குறுக்காக நடக்கும்போது விளிம்பின் பிடிப்பு குறையும். காலணியை முடிவு செய்த பிறகே பலகையின் அகலத்தை முடிவு செய்வது நல்லது.

வளைவு: பாதத்தின் கீழ்ப்பகுதி மேல்நோக்கி வளைந்த பலகை, ஏறும்போது பனியில் சீராகப் பதியும். முனை சற்றுத் தூக்கியிருந்தால் புதுப்பனியில் புதையாது. இவ்விரண்டும் கலந்த வடிவம் பலருக்கும் பொருந்தும்.

எடை: இலேசான பலகை ஏற உதவும். ஆனால் மிக இலேசானது கரடான பனியில் அதிரும், விலையும் கூடும்.

ஏறுதோல்: பலகையின் அடியில் ஒட்டப்படும் இப்பட்டையின் மயிர்கள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். அதனால் கட்டை முன்னே வழுக்கிச் செல்லும், பின்னே சறுக்காது. நைலான் பட்டை நன்கு பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். அங்கோரா ஆட்டின் மயிரால் ஆன மோஹேர் பட்டை எளிதாக வழுக்கும். பட்டை பலகையின் வடிவத்துக்கு ஏற்ப வெட்டப்படுவதால் வேறு பலகைக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

பூட்டுப்பிடி: காலணியைப் பலகையுடன் இணைக்கும் இக்கருவி, ஏறும்போது குதிகாலை விடுவித்து, இறங்கும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். பலகையிலுள்ள துளைகளுக்கும் அதற்கும் பொருத்தம் உண்டா என வாங்கும் முன்னரே பார்க்க வேண்டும். கையுறை அணிந்த கையால் பிரித்துப் பூட்ட முடிகிறதா என்பதும் முக்கியமான சோதனை.

பாதுகாப்பு

எந்தப் பலகையும் பனிச்சரிவிலிருந்து காக்காது. குல்மார்க் பகுதியில் 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டினர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் உயிரிழந்தனர். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே பனிச்சரிவுகள் மிகுதியாக நிகழ்கின்றன. சறுக்குவோர் விரும்புவதும் அத்தகைய சரிவுகளையே.

புதைந்தவரை முதல் 10 முதல் 15 நிமிடங்களுக்குள் மீட்டால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து உதவி வர அந்த நேரம் போதாது. உடன் வந்தவர்களே மீட்க வேண்டும். எனவே குழுவில் ஒவ்வொருவரிடமும் இடங்காட்டும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருப்பதுடன், அவற்றைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். செலவைக் குறைக்க வேண்டுமானால் பலகையின் விலையில் குறைக்கலாம், இவற்றில் கூடாது.

புதியவர்களுக்கு

சாதாரணப் பனிப்பலகையில் தடுமாறாமல் இறங்கப் பழகாதவர் பிளவுப் பலகை வாங்குவது வீண்செலவு, ஆபத்தும்கூட. குல்மார்க்கில் இந்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றக் கழகம் பனிச்சறுக்குப் பயிற்சி அளிக்கிறது. முதலில் பயிற்சி, அடுத்து வாடகைப் பலகை, பின்னர் அனுபவமுள்ள வழிகாட்டியுடன் பயணம், அதன் பிறகே சொந்தப் பலகை என்ற வரிசையே ஏற்றது.