ஓதம் ஏறிய சுவருக்கு என்ன வைத்தியம்?

ரஸ்க்கின் நுனியை மட்டும் டீயில் தொட்டுப் பிடித்தால் டீ தானாக மேலே ஏறும். பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதும் அப்படித்தான். செங்கல்லிலும் சுண்ணாம்புக் காரையிலும் உள்ள நுண்துளைகள் தரையடி ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கின்றன. பெரும்பாலும் 3 அடி உயரம் வரை. மண்ணில் இருக்கும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து ஏறுகிறது. தண்ணீர் காற்றில் உலர்ந்துவிடும். உப்பு போகாது, சுவரிலேயே தங்கிப் படிகமாகிப் பருக்கும். அந்த நெருக்கலில்தான் பூச்சு பொரிந்து உதிர்கிறது.

இதற்கு வழக்கமாக என்ன செய்கிறோம்? பொரிந்ததைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கிறோம். கொஞ்ச காலம் பளிச்சென்று இருக்கும். ஆனால் சிமென்ட் பூச்சின் வழியே ஈரம் எளிதில் வெளியேறாது. அதனால் உள்ளுக்குள்ளேயே இன்னும் உயரம் ஏறி, சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேலே புதுக் கறையாக வந்து நிற்கும்.

முதலில் ஈரம் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். அடிச்சுவர் நெடுக ஒரே மட்டத்தில் கறை இருந்தால் தரையிலிருந்து ஏறுகிறது. ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் பின்பக்கம் குளியலறைக் குழாயோ மழைநீர்க் குழாயோ கசியலாம். சந்தேகம் தீராவிட்டால், ஓர் அடி சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் சுவரில் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றில் இருக்கிறது.

சென்னை போன்ற ஊர்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், வீட்டுத் தரையைவிடத் தெரு உயர்ந்துபோன இடங்கள் ஏராளம். அங்கே மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்குவதை நிறுத்தாமல் உள்ளே எதைப் பூசினாலும் நிற்காது. வெளிச்சுவரை ஒட்டிய மண்ணை வீட்டுத் தளத்துக்குக் கீழே அரையடியாவது இறக்கி, தண்ணீர் விலகி ஓட வாட்டம் கொடுங்கள்.

பிறகு, கறைக்கு மேலே ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். பழைய செங்கல் மென்மையானது. சிற்றுளியால் மெதுவாகத் தட்டினால் போதும். இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டிவிட்டு, பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

அடுத்தது காத்திருப்பு. ஓர் அங்குலத் தடிமன் உலர ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. வெயிலும் காற்றும் தாராளமாக இருந்தால் சீக்கிரமே உலரும். தை பிறந்ததும் கொத்திவிட்டால், 9 அங்குலச் சுவரை ஆவணி, புரட்டாசியில் பூசலாம். ஐப்பசி மழைக்குள் வேலை முடிந்துவிடும்.

பூச்சுக்குச் சுண்ணாம்புதான் சரி. நீற்றிச் சில வாரம் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. ஈரம் அதிகமான இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கல்தூள் சேர்ப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சாந்து குழைப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். அரை அங்குலத்துக்கு மிகாமல் இரண்டு பூச்சு; முதல் பூச்சில் கரணை முனையால் கீறல் போட்டால் அடுத்தது நன்றாகப் பிடிக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் இறுகும். ஆகவே ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது சுவர் காயாமல் பாருங்கள். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். புட்டியும் எமல்ஷனும் வேண்டாம்.

பல தலைமுறை தாங்கிய சுவர்கள் இவை. இந்தப் பொறுமைக்குத் தகுதி உள்ளவை. வேலைக்கு ஆள் பேசும்போது கூலிக்கு முன்னால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரியும்வரை ஒரு சட்டி கலவைகூடக் குழைக்க விடாதீர்கள்.