கடிதத்தை அனுப்புவது யார்?

தெருமுனைத் தபால் பெட்டியில் கடிதத்தைப் போடும்போது யாரும் உங்கள் பெயரைக் கேட்பதில்லை. அனுப்புநர் என்று எந்தப் பெயரை எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும். மின்னஞ்சலும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1982இல் அமெரிக்க அறிஞர் ஜோனதன் போஸ்டல் எழுதி வெளியிட்ட 'எஸ்.எம்.டி.பி.' என்னும் அஞ்சல் விதிமுறையில், அனுப்புகிறவர் யார் என்று சோதிக்க வழியே கிடையாது. அன்று வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும்தாம், ஒருவரையொருவர் நம்பினர். பின்னர் விளம்பரக் குப்பைகளை அனுப்புவோர் இந்தத் திறந்த கதவைக் கண்டுகொண்டனர். ஆகவே 1999இல், அடையாளம் கேட்கும் 'ஆத்' என்ற கட்டளை விதிமுறையில் சேர்ந்தது.

அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். நீங்கள் 'அனுப்பு' என்று அழுத்தியதும், உங்கள் அஞ்சல் மென்பொருள் சர்வரின் 587 அல்லது 465ஆம் எண் வாயிலைத் தட்டுகிறது. சர்வர் 220 என்று சொல்லி வரவேற்கிறது. தனக்குத் தெரிந்த சோதனை முறைகளின் பட்டியலையும் தருகிறது. மென்பொருள் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அடையாளத்தைக் காட்டுகிறது. சரியானால் 235 என்று பதில், தவறானால் 535.

எளிய முறையில் பெயரும் கடவுச்சொல்லும் 'பேஸ்64' வடிவில் போகின்றன. மூன்று எழுத்து என்றால் 24 பிட்டுகள். அவற்றை ஆறு ஆறாக நான்கு கூறாக்கினால், ஒவ்வொரு கூறும் 0 முதல் 63 வரை ஓர் எண். அந்த எண்ணுக்குரிய எழுத்தை அட்டவணையில் பார்த்து எழுத வேண்டியதுதான். பார்வைக்கு ஏதோ இரகசிய மொழி போல இருக்கும். ஆனால் இரகசியம் எதுவும் இல்லை! என் மாணவர்கள் தாளும் பென்சிலும் கொண்டே அதை அவிழ்த்து விடுகிறார்கள். வழியில் ஒட்டுக்கேட்பவனுக்கும் அது முடியும் அல்லவா?

இதற்கு ஓர் அழகான மாற்று உண்டு. சர்வர் ஒவ்வொரு முறையும் புதியதொரு சொற்றொடரை அனுப்பும். மென்பொருள் அதைக் கடவுச்சொல்லுடன் கலந்து ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் அனுப்பும். சர்வரும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை. விடையைத் திருடியும் பயனில்லை, நாளைய கேள்வி வேறு. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆனால் சர்வர் கடவுச்சொல்லையோ அதற்கு ஈடான ஒன்றையோ தன்னிடம் வைத்திருக்க வேண்டும். சர்வரில் திருடன் புகுந்தால் எல்லாம் போயிற்று.

எனவே இன்று பெரும்பாலும் வேறு வழி. முதலில் 'டி.எல்.எஸ்.' முறையில் உரையாடல் முழுவதையும் மறையாக்கிவிட்டு, அதனுள்ளே எளிய முறையில் கடவுச்சொல்லை அனுப்புகிறார்கள். சிலர் கடவுச்சொல்லையே தவிர்த்து, சிறிது காலமே செல்லும் அனுமதிச் சீட்டு ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். ஜிமெயில் 2022 மே இறுதியில், தனிநபர் கணக்குகளுக்கு வெறும் கணக்குக் கடவுச்சொல்லுடன் வரும் பிற மென்பொருள்களை ஏற்பதை நிறுத்தியது. பழைய மென்பொருளுக்கென 16 எழுத்துக் கடவுச்சொல்லைத் தனியே பெற வேண்டியதாயிற்று.

"கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லையே, சார்!" என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் விதிமுறைகள் வெவ்வேறு; அமைப்புகளும் தனித்தனி. 535 என்ற எண் தெரிந்தால், அனுப்பும் சர்வருக்கான பெயரையும் கடவுச்சொல்லையும் முதலில் சரிபாருங்கள்.