எம்.புக்கைக் கேளுங்கள்

ஊராட்சி போட்ட சிமென்ட் சாலை ஒரே மழையில் பெயர்ந்தால், தலைவருக்கும் ஒப்பந்ததாரருக்கும் டீக்கடையில் நாலு திட்டு விழும். அத்தோடு சரி. என்ன அளவுக்குப் பணம் எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கும் உரிமையை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது.

மனுவில் "எவ்வளவு செலவானது?" என்று மட்டும் கேட்டால் ஒரு தொகை பதிலாக வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மதிப்பீடு, பணி ஆணை, பில், எல்லாவற்றுக்கும் மேலாக எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகம், இவற்றின் நகல்களைக் கேளுங்கள். சாலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் எம்.புக்கில் இருக்கும், அளந்தவர் கையெழுத்தோடு. கனம் 15 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்க, உடைந்த ஓரத்தில் டேப்பை வைத்தால் 10தான் காட்டுகிறது என்றால் அதற்கு மேல் வாதம் வேண்டியதில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், கட்டுமானப் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் சட்டத்தின் 2(ஜே) பிரிவு இடம் தருகிறது. இது பலருக்கும் தெரிவதில்லை.

கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் போடலாம்.

நகல் கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துவிடாதீர்கள். இந்தச் சட்டத்துக்கு வித்திட்ட ராஜஸ்தான் கிராமத்து மக்கள் கணக்கை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிராணாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு தொடங்கிய மக்கள் விசாரணைகளில், செய்யாத வேலைக்குக் கூலி வாங்கியதாகத் தங்கள் பெயரே வருவதைக் கேட்டு ஆட்கள் எழுந்து நின்றார்கள். நமக்கு அந்த மேடை கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. எம்.புக்கை அங்கே படியுங்கள். உங்கள் ஆட்சேபத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஆபத்து இல்லாமல் இல்லை. கிர் காட்டுப் பகுதிச் சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்து இந்தச் சட்டத்தின் துணையோடு போராடிய அமித் ஜெத்வா 2010 ஜூலையில் அகமதாபாத்தில் குஜராத் உயர் நீதிமன்றம் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகவே தனியாகப் போகாதீர்கள். ஒரே கேள்வியை நாலைந்து பேர் தனித்தனியாக அனுப்புங்கள். நகல்கள் பல வீடுகளில் இருக்கட்டும்.

இன்னொரு தடையும் சேர்ந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியதால், பயனாளிகள் பட்டியலைத் 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லி மறுக்க அலுவலகங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. மக்கள் கணக்குக் கேட்பதை முடக்கும் திருத்தம் இது. ஆனால் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

முறைகேடு தெரியவந்தால் மாவட்ட ஆட்சியரிடம் போங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவரே. தவறு செய்த தலைவரை நீக்கும் நடவடிக்கையை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அவர் எடுக்கலாம். லஞ்சம் கைமாறியிருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறையிடமும் ஒரு புகார் கொடுங்கள், எம்.புக் நகலை இணைத்து.